ஹெரால்டுக்கு முன்கால் வலி

கேள்வி: அப்பா விட்டுப்போன ஸ்டாண்டர்டு ஹெரால்டில் முன்சக்கர டிரன்னியன் தேய்ந்து ஆடுகிறது. புதுசு எங்கே கிடைக்கும்?
(வாசகர், பேகம்பூர், திண்டுக்கல்)

பதில்: பிறந்த வீட்டில் முதலில் கேளுங்கள். 1961 முதல் சென்னையில் தயாரான கார் அது. பழசைக் கையோடு எடுத்துக்கொண்டு புதுப்பேட்டையில் கடைகடையாக ஏறி இறங்குங்கள். இல்லையென்றாலும் கலங்க வேண்டாம், சீமையில் பங்காளி இருக்கிறார்! ஹெரால்டின் முன்பக்க அமைப்பையே வாங்கிக்கொண்ட டிரையம்ப் ஸ்பிட்ஃபயர் 1980 வரை தயாரானது. ரசிகர்கள் புண்ணியத்தில் இங்கிலாந்தில் புது டிரன்னியன் இன்றும் விற்கிறது. இடது, வலது மரை வேறு, பார்த்து வாங்குங்கள். புஷ் மட்டும் என்றால் உள்ளூர் லேத் பட்டறையே போதும்.

மாட்டியதும் மெக்கானிக் கிரீஸ் கன்னைத் தூக்குவார். கையைப் பிடித்து நிறுத்துங்கள். அதற்கு வேண்டியது 90 நம்பர் கியர் ஆயில். கிரீஸ் மரைவரை இறங்காது; உள்ளே துருவேறி, ஒருநாள் தண்டு முறிந்து சக்கரம் மடங்கிவிடும். பழனிக்குப் பாதயாத்திரை போகும் உத்தேசம் இல்லையென்றால், வருஷத்துக்கு ஒருமுறையாவது மறக்காமல் ஆயில் விடுங்கள்.