ஓல்வேஸ் அலவ் அண்ணன்

இலங்கையிலேயே உயரமான ரயில் நிலையம் பட்டிப்பொலையில்தான். ஏறக்குறைய 6,200 அடி. அந்தக் குளிரிலும் வேர்த்துக்கொண்டிருக்கும் ஒரே ஆள் கொமியுனிகேஷன் கடை அண்ணன். ரீலோட், போட்டோக்கொப்பி, லெமினேட்டிங், ஈமெயில் திறந்து கொடுப்பது எல்லாம் அவரே. மலையகத்தில் எந்த டவுனில் இறங்கினாலும் இப்படி ஒருவர் இருப்பார்.

லயத்து ஜனங்களின் பாஸ்வேர்ட் பாதி அவருடைய பழைய மெக் கம்பியூட்டரில், குரோமுக்குள் சேவ் ஆகிக் கிடக்கும். மனுஷரிடம் அண்ணன் மகா கறார். கொழுந்தெடுத்துவிட்டு வந்த அக்கா, "தம்பி, என்னோட பாஸ்வேர்ட் என்னான்னு சொல்லுங்க" என்றால், குரலைத் தாழ்த்தி, "சொல்ல ஏலாதுக்கா. செக்கியூரிட்டி" என்பார்.

கம்பியூட்டர் கேட்டால் கதையே வேறு. வால்பேப்பர் மாற்ற ஓசியில் இறக்கிய ஒரு செயலி, 'குரோம் சேஃப் ஸ்டோரேஜ்' வேண்டுமென்று திரையில் பெட்டியை நீட்டும். அலவ், டினை, ஓல்வேஸ் அலவ் என்று மூன்று பட்டன். அண்ணன் வாசிப்பதில்லை. கண்ணாடி நெற்றியில் கிடக்க, விரல் தானாக மெக்கின் பாஸ்வேர்டை அடித்து, ஓல்வேஸ் அலவ்வில் போய் உட்காரும். "சும்மா அலவ்னா நாளைக்கும் வந்து நிக்கும். ஒரே தடவையில சோலி முடியணும்" என்பது அவருடைய நிர்வாகக் கொள்கை.

'குரோம் சேஃப் ஸ்டோரேஜ்' என்ற பெயரில் இருப்பது ஒரேயொரு சாவி. குரோமில் சேவ் பண்ணிய பாஸ்வேர்ட் அத்தனையும் அதில்தான் திறக்கும். விண்டோஸில் இப்படிக் கேள்வி கேட்கும் பழக்கமே கிடையாது. அதே யூசரின் கீழ் ஓடும் எந்தச் செயலியும் குரோமின் பூட்டைத் திறக்கலாம் என்றுதான் வெகுகாலம் இருந்தது. 2024இல்தான் குரோம் அங்கே தனிப்பூட்டுப் போடத் தொடங்கியது. மெக் மரியாதையாகக் கேட்கிறது. அண்ணனும் மரியாதை தெரிந்தவர், கொடுத்துவிடுகிறார்.

உயர்தரத்தில் ஐ.சி.டி. படிக்கும் மருமகள் ஒருநாள் மெக்கின் சாவிக்கொத்தான 'கீசெயின் அக்செஸ்' திறந்து, அந்தச் சாவியை இரண்டு தட்டுத் தட்டி, 'அக்செஸ் கண்ட்ரோல்' பக்கத்தைக் காட்டினாள். குரோமுக்குக் கீழே வால்பேப்பர், கலண்டர், ஜாதகம் என்று கல்யாண வீட்டுப் பந்தி மாதிரி வரிசை.

"மாமா, குரோம் மட்டும் போதும். மத்ததெல்லாம் இந்த மைனஸ் பட்டன்ல தூக்கிருவோம். இனிமே வந்து கேட்டா டினை குடுங்க."

அண்ணன் கண்ணாடியை இறக்கி, முதன்முறையாகத் திரையை வாசித்தார்.

"சரி, தூக்கு. ஜாதகத்த மட்டும் விட்டுரு புள்ள. நம்ம தலையெழுத்தையே சொல்ற சாமானுக்கு, நம்ம பாஸ்வேர்ட் தெரியாமலா இருக்கும்?"