ரிட்டர்ன் டிக்கெட் எடுக்காத புலிகேசி

வாட்ஸ்அப் குழு அட்மின், படப்பை
கே: பாலைவனத்தில் ஒரு பெரிய பள்ளத்தாக்கு ஓரமாக டென்ட் அடித்துத் தங்க வேண்டும். பன்னிரண்டு பேர் ஆறு மாதமாக லடாக், ஜெய்சல்மேர் என்று பேசிக்கொண்டே இருக்கிறோம். நடக்குமா?

ப: பேச்சு நடக்கும். பயணமும் நடக்க வேண்டுமென்றால் கண்டிக்கோட்டைக்குப் போங்கள். கடப்பை மாவட்டம், ஜம்மலமடுகு பக்கம். எர்ரமலைக் குன்றுகளைப் பெண்ணாறு அறுத்துக்கொண்டு போகிற இடம். பாலைவனம் இல்லை, வறண்ட ராயலசீமை. ஒரகடம், திருத்தணி, ரேணிகுண்டா, ராஜம்பேட்டை, கடப்பை வழியாகச் சுமார் 350 கி.மீ. விடிகாலையில் கிளம்பினால் வெளிச்சம் இருக்கும்போதே கூடாரம் போட்டுவிடலாம். விடிகாலை என்பது உங்கள் குழுவின் கடைசி ஆள் பல் தேய்க்கும் நேரம் அல்ல.

புது ஜீப் வாங்கியவர், ஒரகடம்
கே: ஃபோர் வீல் டிரைவ் இல்லாத நண்பர்களைக் கழற்றிவிடலாமா?

ப: கோட்டை வரை தார் ரோடுதான். அங்கே உங்கள் ஜீப்பின் பெருமை பார்க்கிங்கில் மட்டுமே தெரியும். மண்பாதையில் இறங்குவதானால் ஒற்றை வண்டியாகப் போகாதீர்கள். சிக்கியதை இழுக்க இன்னொன்று வேண்டும். மணலில் சக்கரம் சுழன்றால் ஆக்ஸிலரேட்டரை மிதிக்க மிதிக்கப் புதையும். டயர் காற்றை 18-20 பி.எஸ்.ஐ.க்கு இறக்கினால் டயர் அகலமாகப் படியும், எடை பரவும், வண்டி மேலே வரும். தார் ரோட்டில் ஏறியதும் மறுபடி காற்றடிக்கக் கையில் பம்ப் இருக்கட்டும். எலுமிச்சம்பழம் உங்கள் நம்பிக்கை; அது காற்றடிக்காது.

திருச்செந்தூர்க்காரர், தாம்பரம்
கே: எங்கள் ஊர்ப்பக்கம் தேரிக்காடு செக்கச்செவேல் என்று கிடக்கிறதே, ஆந்திராவுக்கு எதற்கு?

ப: அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் குதிரைமொழித் தேரி காப்புக்காடு. அனுமதி வாங்காமல் டயரை இறக்கினால் அன்றிரவு தங்கும் இடத்தை வனத்துறையே ஏற்பாடு செய்யும்.

மழைமானி, முடிச்சூர்
கே: ஆற்று மணல் மெத்தென்று இருக்குமே, அங்கேயே டென்ட் போட்டால் என்ன?

ப: முடிச்சூரில் இருந்துகொண்டு கேட்கிற கேள்வியா இது! 2015இல் உங்கள் தெருவுக்குள் வந்த வெள்ளம் உங்கள் தெருவில் பெய்த மழை மட்டுமா? ஆதனூர், மணிமங்கலம் ஏரிகளின் தண்ணீரும் சேர்ந்துதானே வந்தது. நீங்கள் போகும் வழியில், ராஜம்பேட்டை அருகே செய்யேறு ஆற்றின் அன்னமய்யா அணை 2021 நவம்பர் 19 அன்று உடைந்து கரையோர ஊர்களை அடித்துப் போனது. தலைக்கு மேலே வானம் தெளிவாக இருக்கலாம். வெள்ளம் மேற்கே பெய்த மழையில் வரும். ஆற்றுக்குள் படுக்காதீர்கள். விளிம்பிலும் வேண்டாம், நடுராத்திரியில் ஒதுங்கப் போகிறவர் பாதித் தூக்கத்தில்தான் நடப்பார். மழைக்காலம் முடிந்து, வெயில் ஏறாத ஜனவரி நல்லது.

குடும்பத் தலைவி, சேலையூர்
கே: கேம்ப் ஃபயருக்கு விறகை வழியில் பொறுக்கிக்கொள்ளலாம் என்கிறார் என் வீட்டுக்காரர்.

ப: வழியெல்லாம் செம்மரக் காடு அம்மா. தமிழ்நாட்டு நம்பர் பிளேட், டிக்கியில் கட்டை. இரண்டையும் சோதனைச் சாவடியில் அவர் தெலுங்கில் விளக்கட்டும். பேசாமல் காஸ் ஸ்டவ்வைக் கொடுத்தனுப்புங்கள். 2018 மார்ச் 11இல் குரங்கணி காட்டுத்தீயில் சிக்கி 20 பேருக்கு மேல் இறந்தார்கள். காய்ந்த புல் இருக்கும் இடத்தில் தீயோடு விளையாட்டே கூடாது.
தண்ணீர்க் கணக்கையும் கேளுங்கள். ஆளுக்கு நாளொன்றுக்கு 5 லிட்டர். பன்னிரண்டு பேர், இரண்டு நாள் என்றால் ஆறு 20 லிட்டர் கேன். 'தண்ணி'க்குக் கணக்குப் போட்டவரிடமே இந்தப் பொறுப்பையும் கொடுங்கள். அந்தத் 'தண்ணி' பள்ளத்தாக்கு விளிம்புக்கு ஆகாது என்பதையும் சொல்லிவையுங்கள்.

கல்வெட்டுப் பிரியர், மணிமங்கலம்
கே: கூட்டமாகப் போனால் பயமில்லை, இல்லையா?

ப: உங்கள் ஊரே சாட்சி சொல்லுமே! ஏழாம் நூற்றாண்டில் வாதாபியின் செம்பாறைப் பள்ளத்தாக்கிலிருந்து இரண்டாம் புலிகேசி பெருங்கூட்டத்தோடு வந்தார். மணிமங்கலத்தில் நரசிம்மவர்ம பல்லவனிடம் தோற்றார். அதோடு விடாமல் பல்லவப் படை 642 வாக்கில் வாதாபிக்கே போய் ஊரைப் பிடித்தது. வரும்போது எத்தனை பேர் என்று எண்ணினால் போதாது. எந்த இடத்தில் திரும்புவது என்றும் யோசிக்க வேண்டும்.

நடுநிலையாளர், பெருங்களத்தூர்
கே: பன்னிரண்டு பேரில் யாரைத் தலைவராகப் போடுவது?

ப: பணம் அதிகம் போட்டவரை வேண்டாம், பெரிய வண்டிக்காரரையும் வேண்டாம். "போதும், திரும்பலாம்" என்று யார் சொன்னால் மற்ற பதினொரு பேரும் முனகிக்கொண்டாவது வண்டியைத் திருப்புவார்களோ, அவரைப் போடுங்கள். இருட்டுவதற்குள் போய்ச் சேராவிட்டால் ஜம்மலமடுகில் அறை எடுப்பது என்பதையும் படப்பையிலேயே முடிவு செய்துவிடுங்கள். அங்கே போய் ஓட்டெடுப்பு நடத்தாதீர்கள். அப்படி ஓர் ஆளே உங்கள் குழுவில் இல்லையா? வண்டலூர் பூங்கா பக்கத்தில்தான் இருக்கிறது. பொழுது சாய்ந்தால் அங்கே ஊழியர்களே உங்களை வெளியே அனுப்பிவிடுவார்கள்.