மானாவாரியா, பாசனமா?

ஒரே ஆளுக்கு எத்தனை தொழில் இருக்க முடியும் என்று பார்க்க ஆசைப்படுகிறவர்கள் ஜூலை மாதம் சாலிகிராமத்தில் இருக்கும் என் ஆபீசுக்கு வந்து அரை மணி நேரம் உட்காரலாம். காபி உண்டு. பெண் பார்க்கப் போன இடத்தில் 'சொந்த பிசினஸ்' என்று சொன்னவர், பேங்க் லோன் மனுவில் 'தொழிலதிபர்' என்று எழுதியவர், பொங்கல் விழா பேனரில் 'சமூக சேவகர்' என்று கைகூப்பி நின்றவர், மூவரும் ஒருவர்தான். அவரே என் எதிரில் உட்கார்ந்து குரலைத் தாழ்த்தி, "நம்மளை விவசாயின்னு போட்டுடுங்க சார்" என்பார்.

நிஜ விவசாயிக்குப் பெண் கொடுக்க இந்த நாட்டில் ஆள் இல்லை. வருமான வரிப் படிவத்தில் மட்டும் எல்லோருக்கும் விவசாயியாக ஆசை. காரணம், பிரிவு 10(1). விவசாய வருமானத்துக்கு வருமான வரி கிடையாது.

இப்படித்தான் நிலத் தரகர் ஒருவர் வந்தார். ஒரகடம் பக்கம் ஒரு ஏக்கர் இருக்கிறது, அதில் விவசாய வருமானம் ஆறு லட்சம் என்றார். ஒரு ஏக்கரில் ஆறு லட்சம் எடுத்தவரை வேளாண் பல்கலைக்கழகத்துக்கு அல்லவா அனுப்ப வேண்டும்? இருந்தாலும் கேட்பது என் வேலை இல்லை, படிவமே கேட்கும். விவசாய வருமானம் 5 லட்சத்தைத் தாண்டினால், நிலம் எந்த மாவட்டம், பின்கோடு என்ன, எத்தனை ஏக்கர், சொந்தமா குத்தகையா என்று வரிசையாகக் கேள்விகள் வரும். எல்லாவற்றுக்கும் டக் டக்கென்று பதில் சொல்லிக்கொண்டே வந்தார். கடைசிக் கேள்வி: "மானாவாரியா, பாசனமா?"

"ரெண்டும் இல்லை சார். பிளாட்டு. டிடிசிபி அப்ரூவ்டு."

அந்த மண்ணில் அவர் ஊன்றியதெல்லாம் எல்லைக்கல்தான். என்ன பயிர் வைத்தார் என்று காட்டும் அடங்கல் இருக்கிறதா என்று கேட்டதற்கு, "பத்திரம் இருக்கே" என்றார். தரகர் என்றே போட்டேன். அதிலும் அவருக்கு மனத்தாங்கல். கணக்குப் புத்தகம் வைத்துக்கொள்ளாமல், வரவில் இத்தனை சதவீதம் லாபம் என்று காட்டிவிட்டுப் போக, சிறு வியாபாரிகளுக்கு 44ஏடி என்றொரு சலுகை உண்டு. தரகும் கமிஷனும் வாங்குகிறவர்களுக்கு அது கிடையாது. "தரகனும் மனுஷன்தானே சார்?" என்றார். மனிதன்தான், சட்டம் அதை மறுக்கவில்லை. நோட்டுப் போட்டுக் கணக்கு எழுதுகிற மனிதனாக இருக்கச் சொல்கிறது, அவ்வளவுதான்.

அமெரிக்காவில் 1040 என்கிற படிவத்தில், கையெழுத்துப் போடும் இடத்துக்குப் பக்கத்தில், தொழிலை எழுத ஒரு சின்னக் கட்டம் இருக்கிறது. அங்கே நாமே வார்த்தையைத் தேடி எழுதிக்கொள்ளலாம். நமக்கு அந்தக் கவலை வேண்டாமென்று சர்க்காரே பட்டியல் போட்டு, ஒவ்வொரு தொழிலுக்கும் ஐந்து இலக்க எண் கொடுத்து வைத்திருக்கிறது. பட்டியலைத் தயாரித்தவர் யாரோ, வாழ்க்கையை நன்றாக அறிந்தவர். 21001 முடிதிருத்தமும் அழகு நிலையமும், 21002 ஈமச்சடங்கு, 21003 கல்யாணத் தகவல் மையம். அப்புறம் செல்லப்பிராணி பராமரிப்பு, நீராவிக் குளியலும் மசாஜும். 21006-ல் ஜோதிடம்.

என் ஜோதிடர் கிளையண்ட் இதைத் திரையில் பார்த்துவிட்டார். "ஈமச்சடங்குக்கும் எனக்கும் என்ன சார் சம்பந்தம்?" என்று கேட்டார். நடுவில் மூன்று பேர் இருக்கிறார்களே என்று சமாதானம் சொன்னேன். அந்த மூன்றில் ஒன்று மசாஜ் என்பதைக் கவனித்தபின் இன்னும் கோபமாகிவிட்டார். அவருக்கு நல்ல நேரம் பார்த்துத்தான் தாக்கல் செய்ய வேண்டும். ராகு காலம் ஒன்றரை மணி நேரம். ஆதார் ஓடிபிக்கு ஆயுள் பதினைந்து நிமிஷம். இரண்டையும் ஒத்துப்போக வைப்பது என் பாடு. 2025-ல் கடைசித் தேதியை செப்டம்பர் 15-க்குத் தள்ளிவைத்துவிட்டு, பிறகு ஒரே ஒரு நாள் கூட்டி 16 ஆக்கினார்களே, அது உங்கள் கட்டத்தில் தெரிந்ததா என்று கேட்டேன். "அது கோசாரம்" என்றார்.

மாதச் சம்பளக்காரர்களால் இந்தத் தொல்லை அதிகம் இல்லை. மத்திய அரசு, மாநில அரசு, பொதுத்துறை, ஓய்வூதியர், மற்றவர் என்று சுருக்கமான பட்டியல். ஐடி கம்பெனியில் மாதம் இரண்டு லட்சம் வாங்குகிற பையன் 'மற்றவர்'. அவனுடைய அப்பா, தாலுகா ஆபீசில் இருந்து ஓய்வு பெற்றவர், 'ஓய்வூதியர் – மாநில அரசு' என்று தனி வரியில் கம்பீரமாக உட்கார்ந்திருப்பார். அப்பாக்களுக்கு இதில் ஒரு திருப்தி.

சிக்கலெல்லாம் கோடம்பாக்கத்து ஆட்கள் வரும்போதுதான். வரிச் சட்டத்தில் சினிமா கலைஞர் என்றால் யார் யார் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. படத்தின் டைட்டில் கார்டு ஓடுகிற மாதிரியே இருக்கும்: நடிகர், ஒளிப்பதிவாளர், இயக்குநர், இசையமைப்பாளர், எடிட்டர், பாடகர், பாடலாசிரியர், கதை, திரைக்கதை, வசனம், உடை வடிவமைப்பாளர். மேக்கப் போடுகிறவர் இல்லை, சண்டை போடுகிறவர் இல்லை. ஆனால் உதவி இயக்குநர் உண்டு. இந்தப் பட்டியலில் வருகிறவர்கள் 44ஏடிஏ-வின் கீழ் கணக்குக் காட்டினால் வரவில் பாதி லாபம். டீயும் பேட்டாவுமாக வருஷத்தை ஓட்டிய உதவி இயக்குநருக்கும் பாதி மிச்சமாகியிருக்கும் என்று நம்புகிற பெருந்தன்மை இந்த உலகத்தில் சர்க்காருக்கு மட்டும்தான் உண்டு.

வடபழனியில் தையல் கடை வைத்திருப்பவர் ஒருவர், மகனோடு வந்தார். சினிமா கம்பெனிகளுக்கு உடை தைத்துக் கொடுக்கிறார். மகன் ஒரு விசிட்டிங் கார்டை மேஜைமேல் வைத்தான். கறுப்பு அட்டையில் தங்க எழுத்து: 'செலிபிரிட்டி காஸ்ட்யூம் டிசைனர்'. அப்பாவின் கழுத்தில் அளவு நாடா இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. கழற்ற மறந்து வந்துவிட்டார்.

"டெய்லர்னு போடாதீங்க சார், டிசைனர்னு போடுங்க. நாளைக்கு விசாவுக்கு இந்த ஐடிஆரைத்தான் காட்டணும்" என்றான் மகன்.

காகிதம் எடுத்துக் கணக்குப் போட்டேன். வருஷ வரவு 30 லட்சம், எல்லாம் பேங்க் வழியாக. துணி, கூலி, வாடகை போகக் கையில் நின்றது ஆறு லட்சம் என்றார் அப்பா. தையல் கடைக்கு 44ஏடி. பேங்கில் வந்த பணத்துக்குக் குறைந்தது 6 சதவீதம் லாபம் காட்ட வேண்டும், அதற்கு மேல் வந்திருந்தால் வந்ததைக் காட்ட வேண்டும். ஆறு லட்சத்தைக் காட்டினால், 2025–26 கணக்குக்குப் புது முறையில் 12 லட்சம் வரை வரி இல்லை, ஆகவே பூஜ்யம். சினிமா உடை வடிவமைப்பாளர் என்றால் 30-ல் பாதி, 15 லட்சம் லாபம். வரி 1,05,000, அதன்மேல் 4 சதவீதம் செஸ், ஆக மொத்தம் 1,09,200 ரூபாய். இல்லை, பாதிகூட மிஞ்சவில்லை என்றால் புத்தகம் எழுதி ஆடிட் செய்து காட்ட வேண்டும்.

தங்க எழுத்துக் கார்டையும் என் காகிதத்தையும் மகன் மாறி மாறிப் பார்த்தான். யார் எவ்வளவு வரி பிடித்தார்கள் என்று சொல்லும் 26ஏஎஸ்-ஐத் திறந்து காட்டினேன். கம்பெனிகள் 194சி பிரிவில் 1 சதவீதம் பிடித்திருந்தன. அது கூலி ஒப்பந்தக்காரருக்கான பிடித்தம். கலைஞர்களுக்கு வேறு பிரிவு. டிசைன் செய்வது வேறு யாரோ, இவர் தைத்துக் கொடுக்கிறார் என்று பணம் கொடுத்தவர்களே எழுதிவைத்துவிட்டார்கள். எனக்கும் வேலை மிச்சம்.

"தம்பி, கார்டுல டிசைனராவே இருக்கட்டும்டா. சர்க்காருக்கு மட்டும் நான் டெய்லராவே இருந்துக்கறேன்" என்றார் அப்பா. நாற்பது வருஷமாக அவர் வேறு எதுவாகவும் இருந்ததில்லை.

பட்டியலால் உயர்ந்தவர்களும் உண்டு. ஒரு வங்கி அதிகாரி தன் மனைவியின் பான் கார்டைக் கொண்டுவந்தார். "வீட்ல சும்மாதான் சார் இருக்கா. யூடியூப்ல சமையல் வீடியோ போடுவா, அதுல ஏதோ வருது" என்றார். பேங்க் ஸ்டேட்மென்ட்டைப் பார்த்தால் மாதாமாதம் 21-ம் தேதிக்குமேல் டாலர் வந்து இறங்குகிறது. சில மாதங்களில் அவர் சம்பளத்தைத் தாண்டிவிடுகிறது. "ஹவுஸ்வைஃப்னு கோடு ஏதும் இருக்கா?" என்று கேட்டார். இல்லை. வீட்டுவேலைக்கு ஆள் வைத்துக்கொள்பவர்களுக்கு எண் இருக்கிறது. வீட்டைப் பார்த்துக்கொள்பவளுக்கு இல்லை. ஆனால் 2025-ல் பட்டியலில் புதிதாக ஒன்று சேர்ந்திருக்கிறது: 16021, சோஷியல் மீடியா இன்ஃப்ளூயன்சர்.

அதுவரை ஓரமாக உட்கார்ந்திருந்த அந்த அம்மா நாற்காலியை முன்னே இழுத்துப் போட்டுக்கொண்டார். "இது கவர்மென்ட் லிஸ்ட்லயே இருக்கா சார்?" என்று கேட்டு, திரையில் அந்த வரியைத் தானே படித்தும் பார்த்தார். தாக்கல் முடிந்ததும் இரண்டு பிரிண்ட் அவுட் வேண்டும் என்றார். ஒன்று ஃபைலுக்கு, இன்னொன்று மாமியாருக்கு.

என்னையும் சொல்லிவிடுகிறேன். என் ஆபீஸ் போர்டில் 'வரி ஆலோசகர்' என்றுதான் இருக்கிறது. தெருவில் யாரும் அதைப் படித்ததாகத் தெரியவில்லை. ஊருக்கே நான் 'ஆடிட்டர் சார்'. சிஏ படிக்காதவனை அப்படிக் கூப்பிடக்கூடாது என்று சொல்லிப் பார்த்து ஓய்ந்துவிட்டேன். கல்யாணப் பத்திரிகைகளிலும் அப்படியே அச்சாகிறது. என் சொந்தப் படிவத்தில் 16003, டாக்ஸ் கன்சல்டன்சி. அங்கே கை தானாக அடங்கிவிடுகிறது.

இந்த வருஷம் வருகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பான், ஆதார், பேங்க் ஸ்டேட்மென்ட், 26ஏஎஸ் இருந்தால் போதும். விசிட்டிங் கார்டு வேண்டாம். நிலம் இருக்கிறவர்கள் அடங்கலோடு வாருங்கள். கடைசி நாள் ராத்திரி எட்டு மணிக்கு மேல் யாரும் வராதீர்கள், ஜோதிடர் உட்பட.