பிடித்த வாக்கேயக்காரர்: தேர்வும் விளைவும்

கர்நாடக இசையில் சொல்லையும் இசையையும் ஒருவரே ஆக்கினால் அவர் வாக்கேயக்காரர். அவர்களுள் தமக்குப் பிடித்த ஒருவரைச் சொல்ல வேண்டிய கட்டாயம் ரசிகருக்கு வாழ்வில் பலமுறை நேர்கிறது. பெரும்பாலும் மார்கழி சீசனில், சபா கேண்டீனில், ரவா தோசை வருவதற்குக் காத்திருக்கும்போது இந்தக் கேள்வி எழும். விடை ஒருவரின் ரசனையைக் காட்டிவிடும் என்பது பொது நம்பிக்கை. அவர் யார் முன்னால் உட்கார்ந்து விடை சொல்கிறார் என்பதைத்தான் அது உறுதியாகக் காட்டும். ஏனெனில் ரசிகரிடம் இரண்டு விடைகள் உண்டு: ஒன்று கேண்டீனில் அறிவிப்பது, மற்றது குளியலறையில் முணுமுணுப்பது. இரண்டும் ஒன்றாக இருப்பவர்கள் மிகக் குறைவு.

தேர்தலில் முதன்மை வேட்பாளர்கள் மூவர். சியாமா சாஸ்திரி 1762இலும், தியாகராஜர் 1767இலும், முத்துசுவாமி தீட்சிதர் 1775இலும் பிறந்தார்கள். மூவருக்கும் பிறந்த ஊர் திருவாரூர். ஆகவே ஊர்ப்பற்றை வைத்து முடிவெடுக்க வழியில்லை. இவர்களுக்கெல்லாம் மூத்த புரந்தரதாசர் சங்கீத பிதாமகர் எனப்படுபவர். மாயாமாளவகௌளையில் சரளி வரிசை சொல்லித் தொடங்கும் பாடமுறை அவர் பெயரில்தான் வழங்குகிறது. அவரை எல்லோரும் வணங்குவார்கள். பிடித்தவர் என்று சொல்பவர் அரிது. ஏழு வயதில் விடியற்காலையில் எழுப்பிச் சுருதிப்பெட்டி முன் உட்காரவைக்கப்பட்ட நினைவு அவ்வளவு எளிதில் அகல்வதில்லை.

மூவரின் இசையையும் பழங்களாகச் சொல்வது மரபு. தியாகராஜர் திராட்சை, வாயில் போட்டால் போதும். சியாமா சாஸ்திரி கதலி வாழை; தோலை உரிக்க வேண்டும். தீட்சிதர் தேங்காய், மட்டையை உரித்து, ஓட்டை உடைத்து, பிறகு மென்று தின்ன வேண்டும். இந்த உவமையைச் சொன்னவர் சுவையின் வகையை விளக்கத்தான் சொன்னார். ரசிகர்கள் அதை உழைப்பின் அளவாக எடுத்துக்கொண்டார்கள். திராட்சை பிடிக்கும் என்று சொன்னால் சோம்பேறி என்று நினைத்துவிடுவார்களோ என்ற அச்சம் அன்றிலிருந்து தொடர்கிறது.

இந்த அச்சத்தால் மிகவும் பாதிக்கப்பட்டவர் தியாகராஜர். எழுநூறு அளவில் கீர்த்தனைகள் கிடைத்துள்ள அவர் இல்லாமல் ஒரு கச்சேரியை நிரப்புவது கடினம். அவருடைய கவர்ச்சிக்குக் காரணம் வெளிப்படையானது. அவர் ராமனை வணங்குவதோடு நிற்பதில்லை. கோபிக்கிறார், குத்திக்காட்டுகிறார், நியாயம் கேட்கிறார், அடுத்த பாட்டில் சமாதானமும் ஆகிவிடுகிறார். கூட்டுக் குடும்பத்தில் வளர்ந்த எவருக்கும் இந்தத் தொனி பழக்கமானது. அண்ணன் வீட்டுச் சண்டையில் ராம விக்கிரகத்தைக் காவிரியில் எறிந்தார் என்ற கதையைக் கேட்டதும், சொத்துத் தகராறு உள்ள ரசிகர்கள் தியாகராஜரை நெருங்கிய உறவாகவே கருதத் தொடங்குகிறார்கள். இசையிலும் அவர் ஒரு வரியை எடுத்துச் சங்கதி மேல் சங்கதியாக வளர்க்கிறார். தலைமுடியைப் பிய்த்துக்கொள்ளாமலே முன்னேற்றம் தெரிகிறது. இத்தனை இருந்தும் "தியாகராஜர்" என்று சொன்னால் எதிரில் இருப்பவர் தலையை ஆட்டிவிட்டுச் சட்னியைப் பார்ப்பார். எல்லோருக்கும் பிடித்தவரைத் தமக்கும் பிடிக்கும் என்று சொல்வதில் ஒரு பெருமையும் இல்லை.

ஒருவரையே பிடித்தவர்கள் ஒற்றுமையாக இருப்பார்கள் என்றும் எதிர்பார்க்கக் கூடாது. திருவையாற்றில் தியாகராஜர் ஆராதனை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெரிய கட்சி, சின்ன கட்சி என்று பிரிந்து நடந்தது. இரண்டு கட்சியும் பெண்களைப் பாட விடாததால், அவருடைய சமாதிக்குக் கோயில் எழுப்பிய பெங்களூர் நாகரத்தினம்மாள் மூன்றாவதாக ஓர் அணியை நடத்த வேண்டிவந்தது. 1940 வாக்கில்தான் எல்லோரும் ஒன்றுசேர்ந்தார்கள். அவருடைய கன ராக பஞ்சரத்தினத்தின் ஐந்து கீர்த்தனைகளையும் ஒரே குரலில் பாடும் இன்றைய காட்சி இத்தனை பூசலையும் கடந்து வந்தது.

தீட்சிதரைத் தேர்ந்தெடுப்பவர் கேண்டீனில் ஒரு படி உயர்கிறார். காசியில் சில ஆண்டுகள் வாழ்ந்தவர், வீணை வாசித்தவர், பெரும்பாலும் வடமொழியில் எழுதியவர், கோயில் கோயிலாகச் சென்று பாடியவர் என்று தீட்சிதரைப் பற்றிச் சொல்ல நிறைய உண்டு. கிருதிகள் நிதானமாக நகரும். முடியும் இடத்தில் மத்திமகாலம் வந்து வேகம் கூடும். அதுவரை கண்ணை மூடியிருந்தவரும் அப்போது விழித்துக்கொண்டு "ஆகா" என்று சொல்ல முடிவது இந்த அமைப்பின் தனி வசதி. பாட்டுக்குள்ளேயே ராகத்தின் பெயர் பொதிந்திருப்பதால், கூர்ந்து கேட்பவருக்கு ராகம் கண்டுபிடிக்கும் வேலை மிச்சம். ஆனால் தீட்சிதர் வழியில் ராகப் பெயர்களே வேறு. பக்கத்து இருக்கைக்காரர் பந்துவராளி என்றால், தீட்சிதர் ரசிகர் "காசிராமக்ரியா" என்று மெல்லத் திருத்துவார். கிழமைக்கு ஒன்றாகக் கிரகக் கிருதிகள் இருப்பதால் ஜாதகம் பார்ப்பவர்களும் இந்த அணியில் கணிசமாக உண்டு. இங்கிலீஷ் பேண்டு மெட்டுகளுக்கு அவர் வடமொழிச் சொற்கள் எழுதிய நோட்டுஸ்வரங்களை மட்டும் இவர்கள் அதிகம் பேசுவதில்லை. அவற்றுள் ஒன்று "காட் சேவ் தி கிங்" மெட்டில் இருப்பது தேங்காயின் கௌரவத்துக்குப் பொருந்துவதில்லை.

மூவரில் மிகக் குறைவாகப் பாடல்கள் வழக்கில் உள்ளவர் சியாமா சாஸ்திரி. அதனாலேயே அவரைச் சொல்வது மிக உயர்ந்த விடையாகக் கருதப்படுகிறது. அவர் தஞ்சாவூர் பங்காரு காமாட்சி கோயில் அர்ச்சகர். சரிகை வேட்டியும் வெற்றிலைச் சிவப்பேறிய உதடுமாக அவரை வருணிப்பார்கள். வறுமையில் வாடாத மேதை ஒருவர் இருந்தார் என்பது நடுத்தர வர்க்க ரசிகருக்குப் பெரிய ஆறுதல். ஆட்டத்துக்குரியதாக இருந்த ஸ்வரஜதியை உட்கார்ந்து கேட்கும் உருப்படியாக அவர் உயர்த்தினார். பைரவி ஸ்வரஜதியில் எட்டுச் சரணங்களும் ஸட்ஜத்தில் தொடங்கி ஒவ்வொரு ஸ்வரமாக மேலே ஏறி, மேல் ஸட்ஜத்தில் வந்து நிற்கும். இலக்கணம் தெரியாதவருக்கும் ஏதோ ஒன்று உயர்ந்துகொண்டே போவது கேட்கும். தாயிடம் குழந்தை பேசுவது போன்ற அவருடைய ஆனந்தபைரவி வாதத்துக்கு இடம் கொடுக்காது. கேட்டவர் சற்று நேரம் பேசாமல் இருப்பார். தாளம் அப்படியல்ல. மூன்றும் நான்குமாக வர வேண்டிய மிச்ர சாபுவை அவர் நான்கும் மூன்றுமாகத் திருப்பிப்போட்டார். சியாமா சாஸ்திரியே உயிர் என்று அறிவித்தவர், அந்தத் தாளத்தில் கிருதி வரும்போது பக்கத்தில் இருப்பவரின் தொடையை ஓரக்கண்ணால் பார்த்துத் தட்டுவது முன்வரிசைகளில் காணக்கூடியது.

மூவருக்கும் வெளியே, தமிழில் எழுதியவர்களிடம் போவது தனிக் கொள்கை. முத்துத் தாண்டவர், அருணாசலக் கவிராயர், மாரிமுத்தாப் பிள்ளை ஆகிய சீர்காழி மூவர், நந்தனார் சரித்திரம் தந்த கோபாலகிருஷ்ண பாரதியார், சினிமாவுக்கும் எழுதிய பாபநாசம் சிவன் ஆகியோரைச் சொல்பவர்களுக்குப் பாட்டின் பொருள் உடனே புரிகிறது. மற்றவர்கள் இதை ஒரு குறையாகவே பார்த்தார்கள். தமிழ்ப் பாட்டு கச்சேரியின் கடைசியில், கூட்டம் செருப்பைத் தேடும் நேரத்தில் துக்கடாவாக வந்துகொண்டிருந்தது. இதை எதிர்த்து எழுந்த இயக்கத்தின் விளைவாக 1943இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் தோன்றியது. புரிந்து அழுவதும் புரியாமல் அழுவதும் ஒரே கண்ணீர்தானா என்ற விவாதம் இன்னும் முடியவில்லை.

இதற்கும் மேலே ஒரு தட்டு உண்டு. வீணை குப்பையர், பட்டணம் சுப்பிரமணிய ஐயர், முத்தையா பாகவதர் என்று பெயர் சொல்லத் தொடங்கினால் மேசையில் பேச்சு நின்றுவிடும். இங்கே விதி எளிது: பாடல் எத்தனை பேருக்குத் தெரியாதோ அத்தனை மதிப்பு. பட்டணம் சுப்பிரமணிய ஐயர் விஷயத்தில் இந்த விதிக்கு ஒரு சங்கடம் உண்டு. அவருடைய கதனகுதூகலக் கீர்த்தனையைக் கல்யாண வீட்டு நாதஸ்வரம் பந்தி முழுவதும் பரப்பிவிட்டது.

விடையை நியாயப்படுத்தும் காரணங்கள் பெரும்பாலும் தேர்வுக்குப் பிறகு சேர்க்கப்படுபவை. சொல்லழகு, ராக வடிவம், தாள நுட்பம் என்று அடுக்கப்பட்டாலும், ஆழத்தில் இருப்பது வேறு. வாக்கேயக்காரர் ஏழு வயதிலிருந்து காதில் விழுந்த குரலோடு வருகிறார். அப்பா ரேடியோவில் கேட்டவர், பாட்டி பூத்தொடுக்கும்போது பாடியவர், பாட்டு வாத்தியார் அதிகம் சொல்லிக்கொடுத்தவர் ஆகியோர்தான் கடைசியில் வெல்கிறார்கள். அந்த வகையில் குளியலறை வாக்கெடுப்பில் தியாகராஜர் பெரும்பான்மை பெறுவது வியப்பல்ல. எந்த வீட்டிலும் அதிகம் பாடப்பட்டவர் அவர்தான்.

வாக்கேயக்காரர்கள் இந்தப் போட்டியை நடத்தவில்லை. சியாமா சாஸ்திரியின் மகன் சுப்பராய சாஸ்திரி தந்தையிடம் மட்டுமல்லாமல் தியாகராஜரிடமும் தீட்சிதரிடமும் கற்றதாகச் சொல்வார்கள். திராட்சை, வாழை, தேங்காய் மூன்றும் ஒரே வீட்டுப் பூஜைத் தட்டில் இருந்தன. கச்சேரி மேடையும் இதையே பின்பற்றுகிறது. தொடக்கத்தில் பாடகர் பைரவி அட தாள வர்ணத்தை எடுத்தால், அதை இயற்றியவர் பச்சிமிரியம் ஆதியப்பையர். சியாமா சாஸ்திரி அவரிடம் பழகிக் கற்றவர். நடுவில் தீட்சிதர் நீளமாக உட்கார்ந்திருப்பார். முடிவில் வரும் சௌராஷ்டிர மங்களம் தியாகராஜருடையது. எந்தக் கட்சி ரசிகரானாலும் அதைக் கேட்டுவிட்டுத்தான் எழ வேண்டும். அதற்கு முன்பே கார் சாவியோடு கிளம்பிவிட்டவர்களின் விருப்பம் கணக்கில் எடுத்துக்கொள்ளப்படுவதில்லை.