கூலிக்கு ஒரு பாட்டில்

"மாமா, சனிக்கிழமை ஒயின் தோட்டத்துக்குப் போறோம்" என்றான் லண்டனில் இருக்கும் அக்கா மகன். சினிமாவில் பார்த்ததுதான்: தொப்பி, கோப்பை, அந்தி வெயில். இஸ்திரி போட்ட சட்டையோடு கிளம்பிவிட்டேன்.

சசெக்ஸ் கிராமத்தில் இறங்கியதும் கையில் கோப்பை வரவில்லை, கத்தரி வந்தது. அக்டோபர், அறுப்புக் காலம். சின்னத் தோட்டக்காரர்கள் தெரிந்தவர்களையெல்லாம் கூப்பிட்டு அறுப்பை முடித்துக்கொள்வார்களாம். மதியச் சாப்பாடும் ஒரு பாட்டிலும்தான் கூலி.

"உனக்கு முன்னாடியே தெரியுமாடா?"

"சொன்னா வருவீங்களா மாமா?"

நான் கம்பத்துக்காரன். எங்கள் ஊரில் திராட்சை பந்தலில் தொங்கும், அண்ணாந்து பறிப்போம். இங்கே கம்பி கட்டிய வரிசையில், முழங்கால் உயரத்தில் குலைகள். மூன்றாவது வரிசையில் என் இடுப்பு தன் இருப்பைத் தெரிவித்தது.

தோட்டக்காரர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். இரண்டு ஏக்கரைக் கட்டி ஆள்வது அவரும் மனைவியும்தான். மண்ணைக் கிளறி ஒரு வெள்ளைக் கட்டியைக் காட்டினார். "ஷாம்பெயின் விளையும் ஊரிலும் இதே சுண்ணாம்புதான்!" காலமெல்லாம் கையில் சாக்பீஸ் பிடித்தவர், பென்ஷன் பணத்தையும் அதிலேயே கொண்டுபோய்ப் போட்டிருக்கிறார்.

பாடு கொஞ்சமில்லை. துளிர்விட்ட பிறகு, ஏப்ரல் மே மாதங்களில் உறைபனி இறங்கினால் வருஷமே போச்சு. நடுராத்திரி எழுந்து, வாளி அளவு மெழுகுவர்த்திகளை வரிசைக்கு நடுவே ஏற்றி வைப்பார்களாம். நாங்கள் கார்த்திகைக்குக் கூட இவ்வளவு செலவழித்ததில்லை. பனிக்குத் தப்பியதை மழையும் பூஞ்சையும் பார்த்துக்கொள்ளும். மிச்சத்துக்குப் பறவைகளும், பேட்ஜர் என்ற வரிமூஞ்சிப் பிராணியும் வரும். எல்லாம் போக, ஒரு கொடிக்கு ஏறக்குறைய ஒரு பாட்டில். அதையும் இரண்டு மூன்று வருஷம் பாட்டிலிலேயே படுக்க வைத்துத்தான் விற்பார்.

சாப்பாட்டுக்குப் பின் நுரைக்கும் ஒயின் வந்தது. "சர்க்கரை சேர்த்து ஒயினை நுரைக்க வைப்பதை 1662-லேயே எங்கள் கிறிஸ்டோபர் மெரெட் எழுதிவிட்டார், பிரெஞ்சுக்காரர்களுக்கு முன்னாடியே" என்றார், காணி வழக்கு சொல்லும் குரலில். "பச்சை ஆப்பிள், பிஸ்கட், எல்லாம் தெரிகிறதா?" எனக்குப் புளிப்பு மட்டும் தெரிந்தது. தலையாட்டினேன்.

"உங்கள் ஊரில் வருஷத்துக்கு எத்தனை அறுப்பு?"

"இரண்டு மூன்று."

கோப்பையைக் கீழே வைத்தார்.

"உறைபனி?"

"கிடையாது."

"அப்படியானால் ஒயின் எக்கச்சக்கமாக வருமே?"

"ஒயின் போடுவதில்லை சார். ஜூஸ் போட்டுக் குடிப்போம். மிச்சத்தை லாரியில் ஏற்றிவிடுவோம்."

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. தூரத்தில் ஒரு காக்கை மட்டும் கத்தியது.

கிளம்பும்போது அக்கா மகன் கையில் கூலி பாட்டிலைக் கொடுத்தார். எனக்கென்று எடுத்து வைத்திருந்தது அலமாரிக்கே திரும்பிப் போனது. என் கைக்கு வந்தது ஒரு பாட்டில் ஆப்பிள் ஜூஸ்.