வாவியும் வாட்ஸ்அப்பும்

மண்முனைப் பாலம் 2014இல் திறக்கப்படுமுன், படுவான்கரைக்குப் போகும் வீட்டுப் பராமரிப்பு ஒருங்கிணைப்பாளர் பிந்தினால் மட்டக்களப்பு வாவியைக் காட்டித் தப்பலாம். 'பாதை' எனப்படும் மிதவைப் படகு இன்னும் வரவில்லை என்றால் போதும். இப்போது அந்தச் சாட்டும் போய்விட்டது.

கொக்கட்டிச்சோலைப் பக்கத்து வீடொன்றில் அம்மம்மா பிரஷர் குளிசையையும் சீனிக் குளிசையையும் ஒரே பையில் கொட்டி வைத்திருப்பார். "ரெண்டும் வெள்ளதானே புள்ள" என்பது அவரது வாதம். பிரித்துக் கட்டுவதற்குள் கனடாவிலிருந்து மகனின் வீடியோ அழைப்பு: "அம்மாவை ஏன் இவ்வளவு மெலிய விட்டீங்க?" விட்டவர் யார் என்று ஒருங்கிணைப்பாளர் கேட்பதில்லை. கேட்டால் புகார் அலுவலகத்துக்குப் போகும்.

பெற்றோரைப் பிள்ளைகள் வேண்டுமென்றே கைவிடக் கூடாது என்கிறது 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைச் சட்டம். பராமரிப்புப் பணம் கோர ஒரு சபையும் உண்டு. அம்மம்மாவிடம் அதைச் சொல்லிப் பாருங்கள். "என்ட புள்ளைய நான் வழக்குக்கு இழுக்கிறதா?" என்று சட்டத்தையே வாசலுக்கு அனுப்பிவிடுவார்.

படிவத்தில் 'பராமரிப்பவர்' என்ற இடத்தில் பக்கத்து வீட்டுப் பெண்ணின் பெயர்தான் இருக்கிறது. சம்பளம் கிடையாது, தேத்தண்ணி உண்டு.

கனடாத் தம்பிமாரே, கிளினிக் புதன்கிழமை. ஓட்டோக் காசை முன்கூட்டியே அனுப்புங்கள்.