அடையாளன்: குமரி மாவட்டத்து வீட்டு இன்குபேட்டர்களில் அடைகாப்பது யார் என்பது குறித்த ஓர் ஆய்வு

ஆய்வின் தேவை

கோழிமுட்டை 21 நாளில் பொரியும் என்பதில் அறிஞர்களிடையே பூசல் இல்லை. அந்த 21 நாளும் அதை அடைகாப்பது யார் என்பதில்தான் பூசல். வீட்டிலேயே செய்துகொள்ளும் இன்குபேட்டர் வந்தபின் கோழிக்கு அந்த வேலை கழிந்தது என்கிறார்கள். அப்படியானால் பெட்டிக்குள் எரியும் பல்பு அடைகாக்கிறதோ எனின், அன்று. என்னை? பல்பு ப்யூஸ் போனால் நடுச்சாமத்தில் பாயை உதறிவிட்டு எழுந்து ஓடுவது பல்பு அன்று ஆகலின். எழுந்து ஓடுவது எதுவோ அதுவே அடைகாப்பது என்னும் கருதுகோளோடு, தோவாளை, அகத்தீஸ்வரம் வட்டங்களிலும் மேற்கே மார்த்தாண்டம் வரையிலும் திண்ணைகளிலும் டீக்கடைகளிலும் கேட்டறிந்தவற்றை வைத்து இக்கட்டுரை அமைகிறது.

முன்னோர் இயல்

பறவைக் குஞ்சுக்குப் பார்ப்பு, பிள்ளை ஆகியவை மரபுப்பெயர் என்று மரபியலில் வரையறுத்த தொல்காப்பியர், அவற்றை எத்தனை டிகிரியில் பொரிப்பது என்று சொல்லாமல் விட்டார். உரையாசிரியர்களும் அந்த இடத்தைத் தொடவில்லை. ஆகவே தமிழ் ஆய்வாளன் எகிப்துக்குப் போகவேண்டியிருக்கிறது. முட்டையைச் சாணத்தில் புதைத்துப் பொரிக்கும் எகிப்தியர் வழக்கத்தை அரிஸ்டாட்டில் குறித்திருக்கிறார். ஆயிரக்கணக்கான முட்டைகள் கொள்ளும் மண்சூளைகளும் அங்கே இருந்தன. சூளைக்காரர்களிடம் தெர்மாமீட்டர் கிடையாது. முட்டையை எடுத்துக் கண்ணிமைமேல் வைத்துப் பார்த்துச் சூட்டைச் சொல்லிவிடுவார்கள். அவர்கள் சூளையோடு சூளையாகவே தங்கிக் கிடந்தார்கள் என்பதை வாசகர் மனத்தில் கொள்க, பின்னால் உதவும். பிரான்சில் ரியோமூர் 1749-இல் சாணச்சூட்டில் குஞ்சு பொரிப்பது பற்றித் தனி நூலே எழுதினார்.

நம் மாவட்டத்தில் இந்த வரலாறு மார்த்தாண்டத்தில் இறங்குகிறது. திருவிதாங்கூர்க் காலத்தில், 1920-களில், ஒய்.எம்.சி.ஏ.வின் கிராமச் சீரமைப்பு நிலையத்தை அங்கே நடத்தியவர் அமெரிக்கரான டாக்டர் ஸ்பென்சர் ஹேட்ச். (ஆங்கிலம் அறிந்தோர் இப்பெயரைக் கண்டு சிரிப்பர். பெயரை வைத்து முடிவுகட்டுவது ஆய்வுநெறி அன்று, மேலே செல்வோம்.) தேனீயும் கோழியும் ஏழைக் குடியானவன் கையில் நாலு காசு தங்க வைக்கும் என்பது அவர் கட்சி. நாட்டுக்கோழியின் தரத்தை உயர்த்த வெள்ளை லெகார்ன் இனத்தைக் கொண்டுவந்தார். முட்டை விற்கக் கூட்டுறவு ஏற்பாடு செய்தார். 1932-இல் இந்த அனுபவத்தை நூலாகவும் வெளியிட்டார். தேன் இன்று மார்த்தாண்டத்தின் பெயரால் புவிசார் குறியீடு பெற்றுவிட்டது. முட்டை நாமக்கல்லுக்குப் போய்விட்டது.

ஆனால் லெகார்ன் போகும்போது ஒரு சிக்கலை விட்டுச்சென்றது. அடையில் இருக்கும் கோழி முட்டையிடாது. குஞ்சோடு திரியும் கோழியும் இடாது. ஆகவே முட்டைக்காக வளர்த்தவர்கள் அடைக்கு உட்காராத பெட்டைகளையே தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கியெடுத்தார்கள். நாட்டுக்கோழி ஆண்டுக்கு 60, 80 முட்டையோடு நிற்க, லெகார்ன் 300-ஐ எட்டியது. அடைகாக்கும் நினைப்பு மட்டும் அதன் தலையிலிருந்து கழன்றுபோயிற்று. கோழி இறக்கிவைத்த அந்தப் பொறுப்பை யாராவது தூக்கத்தானே வேண்டும்? தூக்கியவனை இக்கட்டுரை ‘அடையாளன்’ என்று குறிக்கும்.

குல இயல்

நல்ல குஞ்சுக்கு நல்ல முட்டை வேண்டும். நல்ல முட்டைக்கு நல்ல சேவல் வேண்டும். பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் என்பது கணக்கு. ஆனால் அசில் சேவலைக் கொண்டுவந்து விட்ட மறுவாரமே முட்டை பொறுக்குகிறவன் ஏமாறுவான். பழைய சேவலின் விந்து பெட்டையின் உடலில் இரண்டு வாரத்துக்கு மேலும் தங்கிப் பலன் தரும். மூன்று வாரமாவது பொறுக்கவேண்டும். அதற்குள் பக்கத்து வீட்டுச் சேவல் மதிலேறிக் குதித்திருக்கும். கவிமணி ஒரு மான்மியமே பாடிக் கேலிசெய்த மருமக்கள் வழி என்னும் தாய்வழி உரிமைமுறை, 1926-ஆம் ஆண்டுத் திருவிதாங்கூர்ச் சட்டத்தோடு நாஞ்சில் நாட்டில் ஓயத் தொடங்கியது. கோழிக்கூட்டில் மட்டும் அது இன்றும் நடப்பில் உள்ளது: தாய் இன்னாள் என்று தெரியும், தகப்பன் இன்னான் என்பது விற்கிறவர் சொல்வது.

முட்டைக்கும் இலக்கணம் உண்டு. மிக நீண்டது ஆகாது, உருண்டையானது ஆகாது, ஓடு மெலிந்தது ஆகாது, இட்டு ஏழு நாளுக்கு மேலானது ஆகாது. எடுத்துவைக்கும்போது கூர்முனை கீழே இருக்கவேண்டும். மளிகைக்கடை வெள்ளை முட்டையை அடைவைத்துப் பார்த்த அடையாளரும் உளர். சேவலின் நிழல்கூடப் படாத முட்டை அது. அந்தச் சோதனையின் முடிவில், கூமுட்டை எது என்பதில் வீட்டாரிடையே கருத்து வேற்றுமை எழவில்லை.

கருவி இயல்

பெட்டி: மீன் ஏற்றும் தெர்மோகோல் பெட்டி. குளச்சலிலும் முட்டத்திலும் ஐஸ் உருகாமல் காத்த அதே சுவர், இங்கே சூடு இறங்காமல் காக்கிறது. எத்தனை முறை கழுவினாலும் சாளை மணம் போகாது. தெருப்பூனை வந்து மூடிமேல் உட்காரும். அதற்கும் அடைகாக்கும் எண்ணம் உண்டா என்பது தனி ஆய்வுக்குரியது.

பல்பு: 40 அல்லது 60 வாட் குண்டு பல்பு. எல்இடி வெளிச்சம் தரும்; பெட்டிக்கு வேண்டிய சூடு தராது. மின்சாரத்தைச் சூடாக்கி வீணடிக்கிறது என்று ஊரே ஒதுக்கிய குண்டு பல்பைத் தேடி அடையாளன் கடை கடையாக ஏறி இறங்குகிறான். ஊருக்கு வீண், இவனுக்கு முதல்.

சூடு 37.5-க்கும் 37.8 டிகிரி செல்சியஸுக்கும் நடுவில் நிற்க டபிள்யூ 1209 என்ற சிறு சர்க்யூட் போர்டு. காற்றுச் சுழலப் பழைய கம்ப்யூட்டர் ஃபேன். ஈரத்துக்கு ஒரு கிண்ணம் தண்ணீர். ஈரப்பதம் முதல் 18 நாள் 50 முதல் 55 சதவீதம், கடைசி மூன்று நாள் 65 முதல் 70. முட்டை தன் எடையில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கை நீராவியாக இழந்தாகவேண்டும். இழக்காவிட்டால் உள்ளே காற்றறை சிறுத்து, குஞ்சு மூச்சுக்குத் தவிக்கும். இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டம் இது. அடைமழை நாளில் கிண்ணத்தையே வெளியே எடுத்துவிடுவோரும் உண்டு.

கடைசியாக, ஆணி. டிஜிட்டல் போர்டின் தலைமேல் ஓர் இரும்பாணியும் ஒரு கரித்துண்டும் இருக்கக் காணலாம். இடி இடித்தால் முட்டை கலங்கும், இரும்பும் கரியும் அதை வாங்கிக்கொள்ளும் என்பது அடைக்கூடை மரபு. கேட்டால், “அது அம்மை வச்சதாக்கும்” என்பான். எடுத்துவிடலாமே என்றால் பேச்சை மாற்றுவான். முட்டையை ஒற்றைப்படையில் வைக்கவேண்டும் என்பதும் பழைய விதி. நாளுக்கு ஒற்றைப்படை முறை திருப்பவேண்டும் என்பது புதிய விதி. புதியதற்குக் காரணம் உண்டு: இரட்டைப்படையில் திருப்பினால் ஒவ்வோர் இரவும் முட்டை ஒரே பக்கமாகவே கிடக்கும், கரு ஓட்டோடு ஒட்டிக்கொள்ளும். பழையதற்குக் காரணம் கேட்டவர் இல்லை.

மெய்ப்பாட்டியல்

அடைக்கோழியின் மெய்ப்பாடுகள் மூன்று: இடம்விட்டு அசையாமை, கிட்ட வந்தால் சிலிர்த்தல், ஓயாது முனகல். மூன்றும் அடையாளனிடம் குறைவறக் காணப்படுகின்றன.

அசையாமை: அடைவைத்த நாள்முதல் அவன் கோயில் கொடைக்கு வரமாட்டான். கல்யாணத்துக்கு வந்தாலும் இரண்டாம் பாயசத்துக்கு முன் இலையை மடக்கிவிட்டு எழுவான்.

சிலிர்த்தல்: பெட்டியருகே பிள்ளைகள் ஓடக்கூடாது, மிக்சி போடக்கூடாது, மூடியில் யாரும் கைவைக்கக்கூடாது. விலக்கு ஒன்று உண்டு. ஏழாம் நாள் இரவு வீட்டு விளக்கெல்லாம் அணைத்து, செல்போன் டார்ச்சின்மேல் முட்டையை நிறுத்துவான். ஓடு செம்பொன்னாக ஒளிரும். உள்ளே மெல்லிய சிவப்பு நரம்புகள் கிளைவிட்டிருக்க, நடுவில் சிறிதாக ஒன்று துடித்துக்கொண்டிருக்கும். “ஏட்டி, இங்க வந்து பாரு, துடிக்கி!” சீரியல் நின்றுபோன எரிச்சலில் இருட்டில் இருந்தவளும் எழுந்து வந்து, பார்த்துவிட்டு, “அடுத்ததக் காட்டுங்க” என்பாள். அன்று ஒருநாள் மட்டும் வீட்டில் இரண்டு அடைக்கோழிகள்.

முனகல்: இது கரண்டு போகும்போது உச்சம் பெறும். ஆரல்வாய்மொழியை அடுத்த முப்பந்தலில் மலைக்கணவாய்க் காற்றில் காற்றாலைகள் வரிசையாகச் சுழன்று மின்சாரம் ஆக்குகின்றன. அதே ஆடிக்காற்றில் தென்னைமட்டை கம்பிமேல் விழுந்து இங்கே கரண்டு போகிறது. ஒரே காற்று அங்கே கொடுத்து இங்கே பிடுங்கும் இந்த நீதியைப் பற்றி அடையாளன் சொல்லும் சொற்கள் அச்சுக்கு ஆகா.

பெண்கள் இந்தப் பெட்டியைக் கையாளும் வீடுகளில் இம்மெய்ப்பாடுகள் காணப்படவில்லை. அவர்களுக்கு வேறு வேலையும் இருப்பது காரணமாகலாம்.

மறுப்பும் விடையும்

அடையாளன் கோழியின் வேலையைச் செய்கிறான் என்றால் கோழிக்கு நிகராவானோ எனின், ஆகான். இரண்டு காரணம்.

ஒன்று: அடைக்கோழி நாள்தோறும் சிறிது நேரம் எழுந்துபோகும். இரை எடுக்கும், எச்சமிடும், மண்ணில் புரளும், திரும்பி வரும். அதற்குள் முட்டை கொஞ்சம் ஆறும்; கேடில்லை. கரு சிலமணி நேரக் குளிரைத் தாங்கும், தாங்காதது மிகுசூட்டை. 40 டிகிரிக்கு மேல் சிறிது நேரம் நின்றாலே கதை முடிந்தது. இவனோ கரண்டு போன நிமிடமே வெந்நீர்ப் புட்டியை இறக்கி, கம்பளியைப் போர்த்தி, பக்கத்தில் மெழுகுவர்த்தியும் ஏற்றுவான். குளிரில் பிழைத்திருக்கும் குஞ்சு இவன் பாசத்தில் வெந்துபோகும்.

இரண்டு: 18-ஆம் நாளுக்குப் பின் முட்டையைத் திருப்பக்கூடாது, மூடியைத் திறக்கக்கூடாது. குஞ்சு முதலில் உள்ளே காற்றறையைக் குத்தி மூச்செடுக்கும். பிறகு ஓட்டில் ஒரு கீறல் விழும். அதன்பின் அரைநாள் முதல் ஒருநாள்வரை ஒன்றும் நடவாததுபோல் இருக்கும். அந்த ஓய்வில்தான் மஞ்சள்கரு மிச்சமெல்லாம் வயிற்றுக்குள் போகிறது. ரத்தம் உடம்புக்குத் திரும்புகிறது. கோழி சும்மா இருக்கும். அடையாளன் ‘உதவ’ப் போவான். திறந்த மூடி வழியே ஈரம் வெளியேறி, உள்சவ்வு காய்ந்து குஞ்சை இறுக்கிக்கொள்ளும்.

தோவாளைப் பக்கம் ஒரு முதியவர் பேரனிடம் சொன்னதை ஆய்வுரை என்றே கொள்ளலாம்: “ஒரு கடவத்துல மணலப் போட்டு வச்சா கோழி பாத்துக்கிடும். அதுக்குப் போயி வீட்டுல ஒருத்தரும் ஒறங்காண்டாமாடே?”

முடிபும் பரிந்துரையும்

வீட்டு இன்குபேட்டரில் அடைகாப்பது பல்பும் அன்று, போர்டும் அன்று, அடையாளனே. கோழியை ஓய்வுக்கு அனுப்பியவன் அந்த இடத்தில் தானே உட்கார்ந்துவிட்டான். எழுந்திருக்கத் தெரியாமையே அவனுக்கும் கோழிக்கும் உள்ள வேறுபாடு. எகிப்தின் சூளைக்காரரும் அப்படியே கிடந்தார்கள் ஆகலின், இது குமரி மாவட்டத்துக்கு மட்டும் உரிய குணம் அன்று என்க.

ஆகவே அரசுக்கும் தனியார் நிறுவனங்களுக்கும் இக்கட்டுரை பரிந்துரைப்பது அடை விடுப்பு. விதிகள் வருமாறு:

விடுப்பு 21 நாள். நாளொன்றுக்கு அரைமணி நேரமாவது பெட்டியை விட்டு வெளியே போயிருக்கவேண்டும்.

ஏழாம் நாள் டார்ச் வெளிச்சத்தில் அத்தனையும் கூமுட்டை என்று தெரிந்தால், எட்டாம் நாள் காலை வேலைக்குத் திரும்பவேண்டும்.

பொரிந்தவற்றில் ஏறக்குறைய பாதி சேவலாகவே இருக்கும் என்பதை விண்ணப்பத்திலேயே ஒப்புக்கொள்ளவேண்டும். அவற்றில் முதலாவது குழம்புக்குப் போகும் ஞாயிறை அடுத்து ஒருநாள் துக்க விடுப்பு தரப்படும். அன்று அடையாளன் இரண்டாம் முறை கறி கேட்டு வாங்கியது தெரியவந்தால், அந்த விடுப்பு ரத்து.